ஹாஜி ஓடாத தூரம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

1986-ல் செவில் நகரில் ருமேனியாவின் ஸ்டெயாவா அணி பார்சலோனாவை வென்ற ஐரோப்பியக் கோப்பைக் கால்பந்து இறுதியாட்டத்தைப் பற்றி நீங்கள் எழுதிய குறிப்பில், 72-வது நிமிடத்தில் மாற்று ஆட்டக்காரராக இறங்கிய துணைப் பயிற்சியாளர் அங்கெல் இயோர்தனெஸ்குவைப் பற்றி ஒரே ஒரு வரி வருகிறது. அந்த ஒரு வரியால் எங்கள் கிளப்பில் சண்டை நடக்கிறது. எங்கள் ஸ்ட்ரைக்கருக்கு 35 வயது. அடுத்த சீசனிலிருந்து அவரையே பயிற்சியாளராக்கிவிடலாம் என்கிறது கமிட்டி. 'இயோர்தனெஸ்கு ஆகவில்லையா, ருமேனியாவை உலகக் கோப்பைக் காலிறுதிவரை கொண்டுபோகவில்லையா' என்று உங்கள் குறிப்பையே என் முன்னால் நீட்டுகிறார்கள்.

எனக்கு உடன்பாடு இல்லை. 1994 உலகக் கோப்பையில் ஜெயித்தது நட்சத்திர மிட்ஃபீல்டர் ஹாஜி. ஹாஜி மாதிரி ஒருவர் இருந்தால் எந்தப் பயிற்சியாளரும் ஜெயித்திருப்பார். ஹாஜி போன பிறகு இயோர்தனெஸ்கு என்ன செய்தார்? 2004 யூரோவுக்கு, அதாவது ஐரோப்பிய நாடுகளின் கோப்பைக்கு, தகுதி பெறவில்லை. 2016-ல் முதல் சுற்றோடு வீடு திரும்பினார். 1994 காலிறுதியில் ஸ்வீடனிடம் பெனால்டியில் தோற்றதை மட்டும் நான் குறை சொல்லமாட்டேன், பெனால்டி என்பது அதிர்ஷ்டம். நல்ல ஸ்ட்ரைக்கர் நல்ல பயிற்சியாளர் ஆவாரா? கமிட்டிக்கு நான் என்ன சொல்வது?

அன்புடன்,
ச.

அன்புள்ள ச.,

ஒரு சின்ன கிளப்பின் பயிற்சியாளர் நியமனத்துக்காக ருமேனியாவரை போய் யோசிக்கிறீர்கள். இந்த அக்கறை உள்ளவர்கள் இருக்கும் கிளப் நன்றாக இருக்கும். கடிதத்தில் உள்ள கணக்குதான் சரியில்லை. நானும் சில வாரங்களாக இயோர்தனெஸ்குவின் கணக்கைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்பதால் விரிவாகவே பதில் எழுதுகிறேன்.

முதலில் இந்த இரண்டு வரிகளைப் பாருங்கள். 1998 உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றில் ருமேனியா 10 ஆட்டம் ஆடியது: 9 வெற்றி, 1 டிரா, அடித்த கோல் 37, வாங்கியது 4. 2016 யூரோ தகுதிச் சுற்றிலும் 10 ஆட்டம்: 5 வெற்றி, 5 டிரா, அடித்தது 11, வாங்கியது 2. இரண்டிலும் ஒரு தோல்விகூடக் கிடையாது. முதல் சுற்று முழுவதும் இயோர்தனெஸ்குவின் பொறுப்பு. இரண்டாவதில் முதல் மூன்று ஆட்டங்கள் முந்தைய பயிற்சியாளர் விக்டர் பிட்சுர்க்காவுடையவை. அவர் விலகிய பிறகு மீதி ஏழும் இயோர்தனெஸ்குவிடம் வந்தன. அந்த ஏழில் அவர் அணி வாங்கியது ஒரே ஒரு கோல்.

37-க்கும் 11-க்கும் நடுவில் உள்ள தூரம் ஹாஜி. அதுவரை நீங்கள் சொல்வது சரி. ஆனால் 4-ம் 2-ம் யாருடைய வேலை? ஹாஜி ஒரு நாளும் பின்னால் ஓடிவந்து பந்தைப் பறித்தவர் இல்லையே.

நல்ல ஸ்ட்ரைக்கர் நல்ல பயிற்சியாளர் ஆவாரா என்ற கேள்வியைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். இயோர்தனெஸ்கு 1950 மே 4-ல் யாஷ் நகரில் பிறந்தவர். 1968 முதல் 1982 வரை ராணுவத்தின் கிளப்பான ஸ்டெயாவா புக்கரெஸ்டில் ஆடினார். கடைசி சீசனில், 1981-82-ல், 20 கோல் அடித்து ருமேனிய லீக்கிலேயே முதலிடம். பிறகு கிரீஸில் கிரீட் தீவின் ஓஎஃப்ஐ அணியில் இரண்டு சீசன். ஆட்டக்காரராக ஒரு உலகக் கோப்பையைக்கூட அவர் ஆடியதில்லை; 1974, 1978, 1982 மூன்றுக்கும் ருமேனியா தகுதி பெறவில்லை. 1984-ல் ஸ்டெயாவாவுக்குத் திரும்பி வந்தது துணைப் பயிற்சியாளராக, எமெரிக் யெனெயின் கீழே. செவில் இறுதியாட்டம் 1986 மே 7. அவருக்கு 36 வயது முடிந்து மூன்று நாள். கேப்டன் துதோரெல் ஸ்டோய்க்கா தடையில் இருந்ததால் மிட்ஃபீல்டில் ஆள் குறைவு. லூச்சியான் பலான் வெளியே வர, இயோர்தனெஸ்கு உள்ளே போனார். கூடுதல் நேரமும் சேர்த்து 48 நிமிடம் பார்சலோனாவுக்கு எதிராக நின்று ஆடினார். பெனால்டி அடிக்கவில்லை. கோல்கீப்பர் துக்கதாம் பார்சலோனாவின் நான்கையும் தடுத்தார், லக்கதுஷும் பலின்ட்டும் அடித்தார்கள், 2-0. கோப்பை முதன்முறையாகக் கிழக்கு ஐரோப்பாவுக்குப் போனது. யெனெய் தேசிய அணிக்குப் போனதும் அதே ஆண்டில் ஸ்டெயாவா இயோர்தனெஸ்குவின் கைக்கு வந்தது.

உங்கள் கமிட்டி இந்தக் கதையில் ஒரு பகுதியை விழுங்கிவிட்டது. பூட்ஸைக் கழற்றியதற்கும் தலைமைப் பொறுப்புக்கும் நடுவில் இரண்டு ஆண்டுகள் இருக்கின்றன, இன்னொருவருக்குக் கீழே வேலை பார்த்த ஆண்டுகள். அவ்வளவுதான், இந்தக் கேள்விக்கு இதற்குமேல் விடை இல்லை. ஸ்ட்ரைக்கராக இருந்தாரா, கோல்கீப்பராக இருந்தாரா என்பதில் ஒன்றுமே இல்லை.

இன்னொன்றையும் தள்ளி வைத்துவிடுவோம். 1986 ஜூன் முதல் 1989 செப்டம்பர் வரை ஸ்டெயாவா லீக்கில் 104 ஆட்டம் தோற்கவில்லை என்பதை அவருடைய பெருமையாகச் சிலர் எழுதுவார்கள். சர்வாதிகாரி சௌஷெஸ்கு ஆட்சியின் ராணுவக் கிளப் அது. 1988 கோப்பை இறுதியில் பலின்ட்டின் கோலை ஆஃப்சைடு என்று மறுத்ததும் ஸ்டெயாவா மைதானத்தை விட்டு வெளியேறியது, கோப்பையும் பிறகு அவர்களுக்கே போனது. அப்படிப்பட்ட லீக்கின் எண்ணை வைத்து யாரையும் எடைபோடாதீர்கள். அந்த ஆண்டுகளில் நமக்கு வேண்டிய நாள் 1987 பிப்ரவரி 24. மொனாக்கோவில் டைனமோ கீவுடன் ஐரோப்பிய சூப்பர் கோப்பை ஆட்டம். ஸ்போர்துல் ஸ்டுடென்ட்செஸ்க்கிலிருந்து இந்த ஒரு ஆட்டத்துக்கென்று 22 வயது கியோர்கே ஹாஜியைக் கூட்டிவந்தார்கள். 44-வது நிமிடம் ஃப்ரீ கிக், கோல், 1-0. வந்தவர் திரும்பிப் போகவில்லை. 1994-ல் அமெரிக்காவில் இறங்கியபோது இவர்கள் இருவரும் ஒருவரையொருவர் ஏழு ஆண்டுகளாக அறிந்தவர்கள்.

இப்போது உங்கள் 'எந்தப் பயிற்சியாளரும்' என்ற வார்த்தைக்கு வருகிறேன். இதை எழுதுவதற்கு முன்னால் கொஞ்சம் யோசித்திருக்கலாம். ஹாஜி 1994-ல் திடீரென்று முளைத்தவரா? 1990 உலகக் கோப்பையில் அவருக்கு 25 வயது. பயிற்சியாளர், ஐரோப்பியக் கோப்பை வென்ற யெனெய். கேமரூனிடம் 1-2 தோல்வி. அயர்லாந்துடன் 120 நிமிடம் ஆடி ஒரு கோல் வரவில்லை, பெனால்டியில் வெளியே. 1992 யூரோவுக்குத் தகுதியே கிடைக்கவில்லை. 1993 ஜூன் 2, கோஷிட்சே நகரம்: செக்கோஸ்லோவாக்கியா 5, ருமேனியா 2. அத்தோடு பயிற்சியாளர் கொர்னெல் தினுவின் பதவி போனது. நீங்கள் சொல்லும் 'எந்தப் பயிற்சியாளரும்' அந்த மூன்று ஆண்டும் அங்கேதான் இருந்தார்கள்.

இயோர்தனெஸ்கு வந்தபோது 1994 உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றில் மீதி இருந்தவை மூன்று ஆட்டங்கள். ஃபாரோ தீவுகளில் 4-0, நான்கையும் ஸ்ட்ரைக்கர் ரதுச்சோயுவே அடித்தார். புக்கரெஸ்டில் பெல்ஜியத்தை 2-1. நவம்பர் 17, கார்டிஃப்: ஹாஜி தூரத்திலிருந்து தாழ்வாக அடித்தது வேல்ஸ் கோல்கீப்பர் சவுதாலின் உடலுக்கடியில் நழுவி உள்ளே போனது, சாண்டர்ஸ் சமன் செய்தார், உடனே வேல்ஸுக்குப் பெனால்டி, பால் போடின் அடித்தது மேல்கம்பியில் பட்டுத் திரும்பியது, கடைசியில் ரதுச்சோயு, 2-1. கம்பி காப்பாற்றியது உண்மை. ஆனால் கோஷிட்சேயில் ஒரே மாலையில் ஐந்து வாங்கிய அணி அடுத்த மூன்று ஆட்டங்களிலும் சேர்த்து இரண்டு வாங்கியிருக்கிறது. அதைக் கம்பி செய்யவில்லை.

என்ன செய்தார்? ஹாஜியைப் பற்றிய முதல் உண்மையை ஒத்துக்கொண்டார். பந்து பறிபோனால் ஹாஜி துரத்தமாட்டார். அவரைத் துரத்தச் சொல்லிக் கத்தும் பயிற்சியாளர் அவர் காலிலிருந்து வரவேண்டிய பாஸையும் இழப்பார். ஆகவே அவர் ஓடாத தூரத்தை மற்றவர்களுக்குப் பிரித்துக் கொடுக்கவேண்டும். கேட்க எளிது, பிரித்துப் பார்த்தால்தான் சிரமம் தெரியும். ஹாஜி வலப்பக்கம் ஒதுங்கி நின்றால், அந்தப் பக்கம் ஏறிவரும் எதிரணி டிஃபென்டரை நிறுத்த ஆள் இல்லை. வலப்பக்க டிஃபென்டர் பெத்ரெஸ்கு முன்னே வந்து நிறுத்தினால் அவருக்குப் பின்னால் இடம் காலி. அந்த இடத்தைச் சென்டர் டிஃபென்டர் நகர்ந்து அடைத்தால் நடுவில் காலி. இதற்கு மூன்று ஏற்பாடு வேண்டும். ஒன்று, பின்னால் யாரையும் மார்க் செய்யாமல் சும்மா நிற்கும் ஒரு ஸ்வீப்பர், அது பெலோதெதிச். இரண்டு, நடுவில் இரண்டுபேர் போதாது. மூன்றுபேர், அதுவும் கோல் ஆசை இல்லாமல் பக்கவாட்டில் நகர்ந்துகொண்டே இருப்பவர்கள்: லுபெஸ்கு, பொபெஸ்கு, முந்தியானு. மூன்று, பந்தைப் பறித்தவர் இரண்டு தொடுதலுக்குள் ஹாஜியிடம் சேர்த்துவிடவேண்டும். மூன்றாவது தொடுதலுக்குப் போனால் எதிரணி திரும்பி வந்துவிடும், அப்புறம் ஹாஜியும் சாதாரண ஆள்தான்.

தேரில் வடம் பிடிப்பவர்களைத்தான் கூட்டம் பார்க்கும்; திருப்பத்தில் சக்கரத்தடியில் முட்டுக்கட்டை போடுகிறவர்தான் தேரைத் திருப்புகிறார். லுபெஸ்கு அந்த உலகக் கோப்பை முழுக்க அந்த வேலையைத்தான் பார்த்தார். அவரைப் பற்றி உங்கள் கடிதத்தில் ஒரு சொல் இல்லை.

1994 ஜூலை 3, பாசடீனா ரோஸ் பவுல், கொளுத்தும் வெயில், எதிரில் அர்ஜென்டினா. மரடோனா தடை மருந்துச் சோதனையில் சிக்கி வெளியே போயிருந்தார், கனிஜியா காயம். அர்ஜென்டினா முழு பலத்தில் இல்லைதான். ஆனால் ருமேனியாவுக்கும் ரதுச்சோயு இல்லை, இரண்டு மஞ்சள் அட்டை. விளாதோயுவும் இல்லை, சுவிட்சர்லாந்துடன் மாற்றாக இறங்கிய மூன்றாவது நிமிடமே சிவப்பு அட்டை வாங்கினார். அணியில் இளம் ஸ்ட்ரைக்கர் வியோரெல் மொல்தோவான் இருந்தார். வேறு யாராக இருந்தாலும் அவரை இறக்கியிருப்பார்கள். லீக்கில் முதலிடம் பிடித்த முன்னாள் கோல்காரரான இயோர்தனெஸ்கு, ஸ்ட்ரைக்கரே இல்லாமல் ஆடினார்.

புருனியா கோலில். பின்னால் ஐவர்: பெத்ரெஸ்கு, புரோதான், பெலோதெதிச், மிஹாலி, செலிமெஷ். நடுவில் அந்த மூவர். முன்னால் ஹாஜியும் இலியே துமித்ரெஸ்குவும், இருவருமே பின்னிருந்து வருகிறவர்கள். இப்போது அர்ஜென்டினாவின் சென்டர் டிஃபென்டர்களான ருகேரி, காசெரெஸ் இருவரின் இடத்தில் நின்று பாருங்கள். மார்க் செய்ய ஆளே இல்லை. நின்ற இடத்திலேயே நின்றால் நடுவில் ருமேனியாவுக்கு ஆள் கூடுதல். முன்னே ஏறினால் முதுகுக்குப் பின்னால் இருபது மீட்டர் வெட்டவெளி. ஸ்ட்ரைக்கர் ஒருவர் கூடவே நின்றிருந்தால் அவர்களுக்கு இந்தக் குழப்பமே வந்திருக்காது.

11-வது நிமிட கோலை விட்டுவிடுங்கள். துமித்ரெஸ்கு இடப்பக்கத்திலிருந்து வளைத்த ஃப்ரீ கிக், அது எந்த ஏற்பாட்டிலும் விழும். 16-ல் பதிஸ்துதா பெனால்டியில் சமன் செய்தார். 18-வது நிமிடத்தைத்தான் நீங்கள் நிறுத்தி நிறுத்திப் பார்க்கவேண்டும். ஹாஜி வலப்பக்கம் பந்தோடு நிற்கிறார். டிஃபென்டர்கள் அவரைப் பார்க்கிறார்கள், மார்க் செய்ய வேறு யாரும் இல்லாததால் வேறு எதையும் பார்க்கவில்லை. துமித்ரெஸ்கு பின்னாலிருந்து இருவருக்கும் நடுவே ஓடிவருகிறார். அவர் ஓடத் தொடங்கிய பிறகே ஹாஜி பந்தை விடுகிறார்; முதல் தொடுதலிலேயே கோல். 58-ல் அர்ஜென்டினாவின் தாக்குதல் உடைகிறது, துமித்ரெஸ்கு நடு வழியாகப் பந்தைக் கொண்டு ஓடி வலப்பக்கம் தள்ளுகிறார், ஹாஜி வந்து அடிக்கிறார், வலது காலால். இடது காலுக்கே பெயர்பெற்றவர். 75-ல் காசெரெஸ் அடித்ததைப் புருனியா கைவிட, பால்போ உள்ளே தட்டினார். 3-2. கடைசி நிமிடங்களில் ஹாஜியையும் துமித்ரெஸ்குவையும் வெளியே எடுத்துவிட்டு கல்க்காவையும் பபூராவையும் இறக்கினார் இயோர்தனெஸ்கு. இனி பந்தை ஓட்டிப்போக ஆள் வேண்டாம், மறித்து நிற்க ஆள் வேண்டும். உலகமே ஹாஜியைப் பார்த்துக்கொண்டிருந்த ஆட்டத்தில் ஹாஜி இல்லாமல் ஆட்டத்தை முடித்தவரைத்தான் நீங்கள் 'எந்தப் பயிற்சியாளரும்' என்கிறீர்கள்.

இந்த ஏற்பாடு எங்கே உடையும் என்பதும் தெரிந்திருக்கவேண்டும். இயோர்தனெஸ்குவின் ருமேனியா நான்கு பெரிய போட்டிகளில் ஆடிய ஆட்டங்கள் 15: 1994-ல் 5, 1996 யூரோவில் 3, 1998-ல் 4, 2016 யூரோவில் 3. ஒவ்வொன்றிலும் முதல் கோல் யாருடையது என்று எழுதிப் பாருங்கள்.

ருமேனியா முதலில் அடித்தவை ஆறு. 1994-ல் கொலம்பியா (15-வது நிமிடம்), அமெரிக்கா (18), அர்ஜென்டினா (11), 1998-ல் கொலம்பியா, இங்கிலாந்து, 2016-ல் சுவிட்சர்லாந்து. ஐந்து வெற்றி, ஒரு டிரா. ருமேனியா முதலில் வாங்கியவை ஒன்பது. 1994-ல் சுவிட்சர்லாந்து, ஸ்வீடன். 1996-ல் பிரான்ஸ் (25), பல்கேரியா (3), ஸ்பெயின் (11). 1998-ல் துனிசியா, குரோஷியா. 2016-ல் பிரான்ஸ், அல்பேனியா. இந்த ஒன்பதில் வெற்றி ஒன்றுகூட இல்லை. துனிசியாவுடன் ஒரு டிரா, ஸ்வீடனுடன் பெனால்டிக்குப் போன ஒரு டிரா, மீதி ஏழும் தோல்வி. 22 ஆண்டு இடைவெளியில், ஆட்டக்காரர்கள் முழுக்க மாறிய பிறகும் இதில் ஒரு விதிவிலக்கு இல்லை.

காரணம் ஏற்பாட்டிலேயே இருக்கிறது. பின்னால் ஐவர், நடுவில் மூவர் என்று நின்று எதிரணியை உள்ளே வரவிட்டுப் பந்தைப் பறிக்கும் அணிக்கு, எதிரணி உள்ளே வந்தே ஆகவேண்டும். முதலில் கோல் வாங்கியவர்கள் வந்துதான் தீரவேண்டும். முதலில் கோல் அடித்தவர்கள் எதற்கு வருவார்கள்? 1994-ல் கொலம்பியா வந்தது. ஒன்பது மாதம் முன்புதான் புவனோஸ் ஐரஸில் அர்ஜென்டினாவை 5-0 வென்ற மிதப்பு. ரதுச்சோயு இரண்டு, நடுவில் இடப்பக்கக் கோட்டோரத்திலிருந்து கோல்கீப்பர் தலைக்குமேல் ஹாஜி தூக்கிப் போட்ட ஒன்று, 3-1. நான்கு நாள் கழித்துப் பான்டியாக்கில், கூரை போட்ட அரங்கத்தின் புழுக்கத்தில், ராய் ஹாட்ஜ்சனின் சுவிட்சர்லாந்து வரவில்லை. இரண்டு வரிசையாக நெருக்கி நின்றது. 16-ல் சுட்டர் அடித்தார். ஹாஜி சமன் செய்தார். அப்புறம் ருமேனியா முன்னே ஏறவேண்டி வந்தது. ஓரத்து இருவரும் மேலே போனார்கள். அவர்கள் விட்டுப்போன இடத்தில் 52, 65, 72 என்று மூன்று கோல். 1996 யூரோவில் மூன்று ஆட்டமும் இதே கதைதான். பல்கேரியாவுடன் முந்தியானு அடித்தது மேல்கம்பியில் பட்டுக் கோட்டுக்கு உள்ளே விழுந்தும் கோல் கொடுக்கப்படவில்லை, அது அநியாயம். ஆனாலும் 3-வது நிமிடத்தில் ஸ்டோய்ச்கோவ் அடித்ததுதான் அந்த ஆட்டத்தை முடித்தது.

துரத்திப் பிடிக்கும் ஏற்பாடு இயோர்தனெஸ்குவிடம் கடைசிவரை இல்லை. அவரைக் குறை சொல்லவேண்டுமென்றால் இதைச் சொல்லுங்கள், கேட்டுக்கொள்கிறேன். 2003 செப்டம்பரில் கோபன்ஹேகனில் 95-வது நிமிடத்தில் டென்மார்க்கின் லௌர்சென் சமன் செய்ததால் போன 2004 யூரோ தகுதியை, கடைசிக் கணக்கில் டென்மார்க் 15, நார்வே 14, ருமேனியா 14 என்று முடிந்ததை, 'தகுதி பெறவில்லை' என்ற ஒற்றை வரியில் முடிக்காதீர்கள். அதே டென்மார்க்கிடம் மார்ச்சில் புக்கரெஸ்டில் 2-5 வாங்கியதை எடுத்துக் காட்டியிருந்தால் உங்கள் பக்கம் வலுவாக இருந்திருக்கும். உங்களுக்காக நானே எடுத்துக் கொடுக்கிறேன்.

பெனால்டி அதிர்ஷ்டம் என்கிறீர்கள். இதுதான் உங்கள் கடிதத்தில் எனக்குக் கோபம் வந்த இடம். ஸ்வீடன் ஆட்டம் பெனால்டியில் தோற்றதல்ல. 101-வது நிமிடத்தில் ரதுச்சோயு தன் இரண்டாவது கோலை அடித்தார், 2-1. அடுத்த கணத்தில் ஷ்வார்ஸுக்குச் சிவப்பு அட்டை. ஸ்வீடனில் பத்துப்பேர், ருமேனியாவில் பதினொருவர், மீதி 19 நிமிடம். பத்துப்பேர் உள்ள அணிக்கு அந்த நேரத்தில் இருப்பது ஒரே வழி: தூரத்திலிருந்து உயரமாகப் போட்டு, 1.93 மீட்டர் உயரமுள்ள கென்னத் ஆண்டர்சனின் தலைக்குக் கொடுப்பது. ருமேனியா அதைத் தடுக்கவேண்டிய முறையில் தடுக்கவில்லை. முன்னிலை வந்ததும் பின்வாங்கிப் பின்வாங்கித் தன் பெட்டிக்குள்ளேயே போய் நின்றது. டிஃபென்ஸ் பின்னால் போனால் ஆஃப்சைடு கோடும் பின்னால் போகிறது. உயரமான ஆள் கோலுக்கு எட்டு மீட்டரில் சட்டப்படி வந்து நிற்கலாம். 115-ல் ரொலண்ட் நில்சன் போட்டார், புருனியா வெளியே வந்தார், ஆண்டர்சன் முந்திக்கொண்டார், 2-2.

கோலிலிருந்து 25 மீட்டரில் வரிசையை நிறுத்தியிருந்தால் ஆண்டர்சன் முட்டினாலும் பந்து புருனியாவின் கைக்கு நிதானமாக வந்திருக்கும். பந்தைத் தூக்கிப் போடுகிறவரின் மேல் எப்போதும் ஒருவரை ஏவியிருந்தால் நில்சனுக்குத் தலைநிமிர்ந்து பார்க்க நேரம் இருந்திருக்காது. கிடைத்த பந்தைக் கார்னர் கொடிப் பக்கம் கொண்டுபோய் வைத்துக்கொண்டிருந்தால் நிமிடங்கள் போயிருக்கும். பதினொருவர் பத்துப்பேருக்கு எதிராக இந்த மூன்றையும் செய்யலாம்.

பெனால்டியிலும் ஸ்வீடன்தான் முதலில் தவறியது, மில்ட் மேலே அடித்தார். ரதுச்சோயு, ஹாஜி, லுபெஸ்கு மூவரும் அடித்தார்கள். பெத்ரெஸ்கு அடித்ததை ஸ்வீடன் கோல்கீப்பர் ரவெல்லி தடுத்தார். துமித்ரெஸ்கு அடித்தார், 4-4. ஆறாவதாக லார்ஸன் அடித்தார், பெலோதெதிச்சினுடையதை ரவெல்லி தடுத்தார். பெலோதெதிச் பெனால்டிக்குப் பயந்தவரா? 1991-ல் பாரி நகரில் ரெட் ஸ்டார் பெல்கிரேடு ஐரோப்பியக் கோப்பை வென்ற பெனால்டிகளில் ஒன்று அவர் அடித்தது. அவ்வளவு தெரிந்தவரும் தவறக்கூடிய இடம் அது. அங்கே போய் நின்றபிறகு அதிர்ஷ்டம் என்று பேசலாம். நீங்கள் பேசவேண்டியது 101-க்கும் 115-க்கும் நடுவில் இருந்த பதினான்கு நிமிடத்தை.

2016-ஐப் பற்றி ஒரு சொல். 1994-ன் பின்பாதி அப்படியே இருந்தது, முன்பாதியில் யாரும் இல்லை. தகுதிச் சுற்றில் வட அயர்லாந்து, ஹங்கேரி, கிரீஸ் என்று தொடர்ந்து மூன்று 0-0. பிரான்ஸில் நடந்த போட்டியில் ருமேனியா அடித்தது மொத்தம் இரண்டு கோல், இரண்டும் ஸ்டங்கு அடித்த பெனால்டி. பந்தைப் பறித்தார்கள், பறித்த பந்தை இரண்டு தொடுதலுக்குள் கொடுக்க ஆள் இல்லை. 66 வயதில் அவர் கையில் இருந்தது அவ்வளவுதான், அதை வைத்துத் தோற்காமல் தகுதிச் சுற்றை முடித்தார். டாட்டா புயு என்று செல்லமாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்த ஊர் அந்த ஜூனில் அவரைப் பாடாய்ப் படுத்தியது. அது எனக்கு இன்னும் வருத்தம்தான்.

கமிட்டி விஷயம். உங்கள் ஸ்ட்ரைக்கரை இப்போதே தலைமைப் பயிற்சியாளராக்கவேண்டாம், வேண்டாம் என்று ஒதுக்கவும் வேண்டாம். இரண்டு சீசன் துணையாக வைத்துக்கொள்ளுங்கள். தேவைப்பட்டால் கடைசி இருபது நிமிடம் ஆடட்டும், அதில் கேவலம் ஒன்றுமில்லை. அவருக்கு மூன்று வேலை மட்டும் கொடுங்கள். எதிரணி கார்னரில் யார் யாரை மார்க் செய்வது என்பதை அவரே எழுதட்டும். உங்கள் அணியில் துரத்தாத ஆள் யார், அவருடைய ஓட்டத்தை யார் யார் பங்கு போட்டுக்கொள்வது என்று அவரே பிரிக்கட்டும். ஒவ்வொரு ஆட்டத்திலும் முதல் கோல் யாருடையது, அதற்குப் பிறகு நம் வரிசை எத்தனை மீட்டர் பின்னே போனது என்று ஒரு நோட்டில் குறிக்கட்டும்.

சீசன் முடிந்ததும் ஸ்வீடன் ஆட்டத்தின் அந்தப் பதினான்கு நிமிடத்தைப் போட்டுக் காட்டுங்கள். வரிசையை எங்கே நிறுத்தியிருப்பார், யாரை வெளியே எடுத்திருப்பார் என்று கேளுங்கள். 'மூன்றாவது கோல் அடிக்கப் போயிருப்பேன்' என்று சொன்னால் இன்னும் ஒரு வருஷம் துணையாகவே இருக்கட்டும். எந்த மிட்ஃபீல்டரை எந்தப் பக்கம் நகர்த்துவது என்று பேச ஆரம்பித்தால், கமிட்டியிடம் நீங்களே போய் அவர் பெயரைச் சொல்லுங்கள்.

அன்புடன்.